மேசனோடு காசுக் கணக்குப் பேசுவது எப்படி?

(வீடு திருத்தவிருக்கும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் எமது தகவல் பிரிவு உத்தியோகத்தர் பேசியதன் எழுத்துவடிவம்)



சாந்து எத்தனைக்கு எத்தனை கலப்பது, கம்பி என்ன அளவில் போடுவது என்பதையெல்லாம் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் கலைப்பிரிவில் படித்தவள். கட்டிட வேலை எனக்குத் தொழில் இல்லை. அவரோடு வீடு வீடாகப் போய், குடும்பங்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான் என் வேலை. அப்படி எழுதிய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. “வேலை தொடங்க முதல் காசு விசயத்தை வடிவாப் பேசாமல் விட்டிட்டம்.” இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

உங்களில் சிலர் 1990இல் வீட்டை விட்டுப் போனவர்கள். சிலர் கடைசி யுத்த காலத்தில் போனவர்கள். திரும்பி வந்து பார்த்தபோது சுவர் நிற்கிறது, கூரை இல்லை. ஓடும் இல்லை, கைமரமும் இல்லை, கதவு நிலையையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்குள் ஆலங்கன்று வேர் விட்டிருக்கிறது. அந்த வீட்டைத் திருத்தக் கையில் வருவது ஒரு குறிப்பிட்ட தொகை. இந்திய வீட்டுத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், புதிதாகக் கட்டியவர்களுக்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்தியவர்களுக்கு 250,000 ரூபாவும் கொடுத்தார்கள். அதுவும் ஒரேயடியாக வராது. ஒரு கட்ட வேலை முடிந்த பிறகுதான் அடுத்த கட்டக் காசு வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் வேலை நின்றால் காசும் நிற்கும். காசு நின்றால் மேசன் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு மாரி வந்துவிடும். அரைகுறைச் சுவர் இன்னொரு மாரியைத் தாங்குமா என்று உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாமா?

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. “கையில இருக்கிற காசைச் சொன்னால் அவர் அந்தக் காசு முழுக்க எடுத்துப்போடுவார்” என்ற பயம் நியாயமான பயம். ஆனால் மானியத் தொகை எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். மேசன் உங்கள் வீட்டுக்கு வரமுதலே அது அவருக்குத் தெரியும். அதை மறைத்துப் பலனில்லை.

அவருக்குத் தெரியாதது வேறு. அந்தத் தொகைக்கு மேலே உங்களிடம் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அது. வெளிநாட்டில் தம்பி இருக்கிறாரா, தோடு காப்பு இருக்கிறதா, வங்கியில் கடன் எடுப்பீர்களா என்று அவரும் மனதுக்குள் கணக்குப் போடுவார். “பிறகு பாத்துக்கொள்ளலாம்” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், பிறகு பார்க்க ஏதோ இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வார். ஆகவே தொகையைச் சொல்லுங்கள், அதற்கு மேல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிப் பேசிப் பாருங்கள்:

“அண்ணை, எங்களிட்ட இருக்கிறது மானியக் காசு மட்டும்தான். இதுக்கு மேல கடன் பட மாட்டம். இந்தக் காசுக்குள்ள எந்தெந்த வேலை முடியும் எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.”

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை தெரிந்த மேசன் இப்படிக் கேட்கிறவரைத்தான் விரும்புவார். தன் கூலி எங்கிருந்து வரும் என்பது அவருக்கும் தெளிவாகத் தெரிகிறது அல்லவா?

முதலில் வேலைப் பட்டியல்

மேசனைக் கூப்பிட முதல், குடும்பமாக இருந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். மூன்று தலைப்புகள் போடுங்கள்: இந்த மாரிக்கு முதல் கட்டாயம் முடியவேண்டியவை, அடுத்த வருசம் செய்யலாம் என்பவை, ஆசைக்குச் செய்பவை.

கட்டாயம் என்பதில் என்ன வரும்? ஆடாத சுவர், ஒழுகாத கூரை, பூட்டக்கூடிய ஒரு அறை, மலசலகூடம். வயதுக்கு வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டக்கூடிய அறையும் மலசலகூடமும் ஒருநாளும் பின்போட முடியாதவை. பூச்சு, வர்ணம், தரைக்கு மாபிள், முன் விறாந்தையின் தூண், யன்னலுக்குக் கம்பிவேலை ஆகியவை காத்திருக்கும். பூசாத சுவருக்குள் வாழலாம். கூரை இல்லாத பூசிய சுவருக்குள் வாழ முடியாது.

பல வருசம் கூரையில்லாமல் மழையில் நனைந்த சுவரின் மேல் வரிகள் இளகிப் போயிருக்கும். அந்த வரிகளைக் கழற்றித் திரும்பக் கட்டாமல் கைமரம் ஏற்றக்கூடாது. வெடித்த கொங்கிறீற் வளைக்குள் கம்பி துருப்பிடித்திருக்கும். இவற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துச் சொன்ன பிறகே பட்டியலை முடிவாக்குங்கள். இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்போது, “இந்தச் சுவரையும் இடிக்கவேணும்” என்று ஒரு புதுச் செலவு வந்து நிற்கும்.

மலசலகூடக் குழி வெட்டுவதற்கும் குப்பை மேட்டைக் கிளறுவதற்கும் முதல், உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவேண்டாம். கூலிக்கு வருகிறவரையும் தொட விடவேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு உடனே அறிவியுங்கள்.

மூன்று விதமான பேச்சு

மேசனோடு மூன்று விதமாக வேலை பேசலாம்.

முதலாவது நாட்கூலி. மேசனுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு, உதவியாளுக்கு இவ்வளவு. ஓட்டை அடைப்பது, நிலை வைப்பது போன்ற சின்ன வேலைக்கு இது சரி. பெரிய வேலையை நாட்கூலியில் விட்டால் எத்தனை நாள் போகும் என்று சொல்ல முடியாது. நாட்கூலி பேசும்போது சாப்பாடும் தேத்தண்ணியும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஒரு மாதம் சமைத்துப் போட்ட செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் காசு போனது போனதுதான்.

இரண்டாவது கூலிக்கு மட்டும் கொந்தராத்து. சாமான் நீங்கள் வாங்கிக் கொடுப்பீர்கள், வேலை முழுவதற்கும் ஒரு தொகை பேசிக்கொள்வீர்கள். கட்டங்கட்டமாகக் காசு வருகிற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வசதி. சாமானின் தரத்தையும் அளவையும் நீங்களே பார்க்கலாம், பற்றுச்சீட்டும் உங்கள் கையில் இருக்கும்.

மூன்றாவது சாமானும் கூலியும் சேர்த்த முழுக் கொந்தராத்து. அலைச்சல் குறைவு. ஆனால் எத்தனை பை சீமெந்து போட்டார், எந்த மரம் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். பெரிய முற்பணமும் கேட்பார்கள். நின்று பார்க்க ஆள் இல்லாத குடும்பங்கள் இதை எடுக்க நினைத்தால், சாமானின் வகையையும் அளவையும் ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொண்டு எடுங்கள்.

எதுவானாலும் ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். ஒரே பட்டியலை எல்லோரிடமும் காட்டுங்கள். ஒருவரிடம் கூரை மட்டும், மற்றவரிடம் கூரையும் சுவரும் என்று கேட்டால் விலையை ஒப்பிட முடியாது. மிகக் குறைந்த விலை சொல்கிறவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இடிபாடு அள்ளுவது இதற்குள் அடங்குமா? சாரம் கட்ட மரம் யாருடையது? கொங்கிறீற் போடப் பலகை வாடகை யார் கொடுப்பது? தண்ணீர் அள்ளுவது யார்? பதில்களைக் கேட்ட பிறகு, குறைந்த விலை குறைந்ததாக இல்லாமல் போகக்கூடும்.

பழைய வீட்டிலிருந்து எடுக்கிற நல்ல ஓடு, மரம், கல், கம்பி ஆகியவை உங்களுடையவை. திரும்பப் பாவிக்கக்கூடியவற்றை எண்ணி அடுக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். புதுச் சாமானின் அளவு அவ்வளவுக்குக் குறையும்.

250,000 ரூபாவைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்குப் பழகுவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். இவை கடை விலைகள் இல்லை. உங்கள் ஊர் விலையை நீங்கள்தான் விசாரிக்கவேண்டும்.

ஒரு குடும்பத்திடம் 250,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரின் மேல் வரிகளுக்கும் கூரைக்கும் 135,000. மலசலகூடத்துக்கு 50,000. இரண்டு கதவுக்கும் ஒரு யன்னலுக்கும் 35,000. சாமான் ஏற்றி இறக்கவும் தேத்தண்ணிக்கும் 5,000. மிச்சம் 25,000. அந்தப் பத்தில் ஒரு பங்கை எந்த வேலைக்கும் பேசக்கூடாது. பழைய வீட்டைத் திருத்தும்போது சுவரைக் கிளறினால் ஏதாவது ஒன்று வெளியே வரும். அந்த நேரம் அடைவுக் கடைக்குப் போகாமல் காப்பாற்றப்போவது இந்த 25,000 தான். ஆகவே மேசனோடு பேசும்போது உங்கள் வரவுசெலவு 250,000 இல்லை, 225,000 தான். “மானியத்தில கொஞ்சத்தைக் கட்டாயம் வைச்சிருக்கவேணும் எண்டு உத்தியோகத்தர் சொல்லிப்போட்டார்” என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

இனிக் கூலி. மேலே சொன்ன வேலைகளுக்குள் கூலி மட்டும் 60,000 என்று பேசியிருந்தால், அதை இப்படிப் பிரிக்கலாம். தொடங்கும்போது 6,000. சுவர் வேலை முடிய 18,000. கைமரமும் சிலாகையும் ஏறிய பிறகு 12,000. ஓடு போட்டுக் கதவும் மலசலகூடமும் முடிய 12,000. எல்லாவற்றையும் பார்த்துக் குறை தீர்த்த பிறகு கடைசி 12,000. முடிந்த வேலையின் பெறுமதியைவிடக் கொடுத்த காசு எந்த நேரத்திலும் கூடியிருக்கக்கூடாது. உங்களுக்கு மானியம் வருகிற கட்டத்தையும் மேசனுக்குக் கொடுக்கிற கட்டத்தையும் பொருத்திக்கொண்டால், “காசு இன்னும் வரேல்லை” என்று அவரைக் காக்கவைக்கவேண்டியும் வராது.

ஒன்றை மறக்கக்கூடாது. மேசனும் உங்களைப்போல இடம்பெயர்ந்து திரும்பி வந்தவராக இருக்கலாம். அவர் வீட்டிலும் கூரை இல்லாமல் இருக்கலாம். கட்டம் முடிந்த அன்றே பேசிய காசைக் கொடுங்கள். ஒரு கிராமமே ஒரே நேரத்தில் வீடு திருத்தும்போது, நேரத்துக்குக் காசு கொடுக்கிற வீட்டுக்குத்தான் அவர் முதலில் வருவார்.

சாமான் வாங்கும்போது

மணலைக் கியூப் கணக்கில் விற்பார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 10 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 75 கன அடி. அது முக்கால் கியூப். ஒரு கியூப் காசு கொடுக்கவேண்டாம். ஏற்றி வருகிறவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடற்கரை மணல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும்.

முழு வீட்டுக்கும் தேவையான சீமெந்தை ஒரே நாளில் வாங்கி அடுக்காதீர்கள். ஈரம் பட்டால் கட்டிபட்டுவிடும். அந்தந்தக் கட்டத்துக்கு வாங்கி, நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள். எத்தனை பை வந்தது, இன்று எத்தனை பை முடிந்தது என்று பின்னேரம் கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். கணக்கு எழுதுகிற வீடு என்று தெரிந்தால் எல்லோரும் கவனமாக இருப்பார்கள்.

மாதத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காது. கூரை புரட்டாதிக்குள் ஏறவேண்டும் என்றால், பேச்சு ஆனி, ஆடியிலேயே முடிந்திருக்கவேண்டும்.

இடையில் வருகிற கூடுதல் வேலை

வீட்டுத்திட்டக் காசில் தொடங்கிக் கடனில் முடிந்த பல குடும்பங்களுக்கு அந்தக் கடன் சின்னச் சின்ன ஆசைகளாகத்தான் வந்தது. “இவ்வளவு செய்யிறியள், அந்தப் பக்கம் ஒரு அறையையும் இழுத்து விடுவம்.” “குசினியை ஒரு நாலடி கூட்டுவம்.” சொல்கிறவர் மேசனாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், நாங்களாகவே இருக்கலாம். இத்தனை வருசம் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வீடு பெரிதாக இருக்கவேண்டும் என்று ஆசை வருவது பிழையா? பிழையில்லை. ஆனால் நாலடி கூடினால் அத்திவாரமும் சுவரும் கைமரமும் ஓடும் கூடும். அந்த வித்தியாசத்துக்கு நகை அடைவுக்குப் போகும். அல்லது கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் வாசலுக்கு வரும்.

ஆகவே இதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்: “அண்ணை, பட்டியலில இல்லாத வேலை எண்டால், முதல்ல எவ்வளவு முடியும் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் கொப்பியில எழுதி ரெண்டு பேரும் ஒப்பம் வைச்ச பிறகு தொடங்குவம்.” காசு போதாது என்று தெரிந்தால் கடனைத் தேட முதல் பட்டியலை எடுங்கள். ஆசைத் தலைப்பில் உள்ளதை வெட்டுங்கள். பிறகு அடுத்த வருசத் தலைப்பைப் பாருங்கள். நிலை வைக்கும்போது வேலையாட்களுக்குக் கொடுக்கிற வேட்டி சால்வை, குடிபூரல் சமையல் ஆகியவற்றையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். எளிமையாகப் பால் காய்ச்சினாலும் வீடு வீடுதான்.

எழுத்தில் இருக்கவேண்டியவை

உடன்படிக்கை என்றதும் சட்டத்தரணி வேண்டும் என்று நினைக்கவேண்டாம். ஒரு பக்கம் போதும். செய்யவேண்டிய வேலைகள், மொத்தக் கூலி, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, தொடங்கும் திகதி, முடியும் திகதி, சாமான் யார் பொறுப்பு, குறை இருந்தால் திருத்தித் தருவது யார் பொறுப்பு. இரண்டு பேரின் ஒப்பம், ஒரு சாட்சி. இரண்டு பிரதி. காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி மேசனின் ஒப்பம் வாங்குங்கள்.

தனித்து நின்று குடும்பம் நடத்துகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேச்சுவார்த்தைக்குத் தனியே இருக்கவேண்டாம். நம்பிக்கையான உறவினரையோ கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவைச் சொல்லுகிற வாய் உங்களுடையதாக இருக்கட்டும். வீட்டுக்காரி நீங்கள். வங்கிப் புத்தகத்தை மேசனிடமோ கடைக்காரரிடமோ வேறு எவரிடமோ கொடுக்காதீர்கள். எழுதாத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால், மேசன் இருக்கும்போதே இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேசிய வேலையை விட்டுவிட்டு ஒருவர் போய்விட்டால், சண்டை பிடிக்க முதல் நின்ற இடத்தைப் படம் எடுங்கள். கொடுத்த காசையும் முடிந்த வேலையையும் எழுதுங்கள். உடனே தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அறிவியுங்கள். அங்கே தீராவிட்டால், 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் மத்தியஸ்த சபை இருக்கிறது. உங்கள் பிரதேசத்துக்கான சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அங்கே போகும்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது அந்தக் கொப்பிதான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மேசனைத் தேடவேண்டாம். முதலில் கொப்பியை எடுங்கள். மூன்று தலைப்பையும் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கைக் கழித்து மிச்சத்தைப் பிரியுங்கள். வருகிற கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்கு வரும்போது அதைக் காட்டுங்கள். மேசனைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிய என்னிடம் தனியே கேளுங்கள்.